அண்ணியும் நானும் பாலே ஆடப் போனது

நான் அண்ணி என்று கூப்பிடும் என் கணவரின் அக்கா கிள்ளானிலிருந்து ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகலாம் என்று பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்தார். பாசாரில் மீன் கடை ஈரத்தில் வழுக்கி விழுந்திருந்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை, பயம்தான் பிடித்துக்கொண்டது. தனியாக இருக்க வேண்டாம் என்று என் கணவர் அழைத்து வந்துவிட்டார். ஒரு வாரம் என்பது மாதங்களாக நீண்டது. அவருக்கு என் ரசத்தில் குறை, நான் துணி காயப்போடும் விதத்தில் குறை. நானோ தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். யாராவது பேசிக்கொண்டே இருந்தால் இணைப்பைத் துண்டிக்க இன்றும் கை பரபரக்கும்.

ஒரு நாள் காலையில் ஒற்றைக் காலில் நின்று செருப்பு மாட்டப் போன நான், செருப்பு அலமாரியோடு சேர்ந்து சாய்ந்தேன். "பாத்தியா, என்னைச் சொன்னியே" என்று அண்ணிக்கு அப்படியொரு சந்தோஷம். இருவரும் ஒன்றாகவே கிளினிக்குக்குப் போனோம்.

இளம் டாக்டர் எங்களை நிற்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், கண்ணை மூடச் சொன்னார். "ஆன்டி, ரெண்டு பேருக்குமே பேலன்ஸ் சரியில்ல லா. இதுக்கு மாத்திரை இல்ல. காலுக்கு வேலை குடுக்கணும்."

மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண்தான் விஷயத்தைச் சொன்னாள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சீன அம்மா பிள்ளைகளுக்கு பாலே சொல்லித் தருகிறாராம். சனிக்கிழமை காலையில் மட்டும் வயதானவர்களுக்குத் தனி வகுப்பாம்.

"குட்டைப் பாவாடை கட்டிக்கிட்டு விரல் நுனியில நிப்பாங்களே, அதுவா?" என்றார் அண்ணி.

"அதெல்லாம் இல்ல ஆன்டி. லூசா ஒரு பேன்ட் போட்டாப் போதும். நாற்காலியைப் புடிச்சுக்கிட்டுத்தான் ஆடுவாங்க."

நான் உடனே சேருகிறேன் என்றேன். ஆரோக்கியத்தின் மேல் வந்த அக்கறை அல்ல அது. அண்ணி இந்த மாதிரி இடத்துக்குக் கண்டிப்பாக வரமாட்டார், சனிக்கிழமை காலையாவது எனக்கு நிம்மதி கிடைக்கும் என்பதுதான் கணக்கு.

"நானும் வரேன்" என்றார் அண்ணி.

என் கணவரிடம் சொல்வதில்லை என்பது அண்ணியின் முடிவு. "தம்பிகிட்ட சொன்னா டீக்கடை வரைக்கும் போயிரும்" என்றார். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கோயிலில் பஜனை கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று சொன்னோம். ரயில்வேயில் காலமெல்லாம் உழைத்து ஓய்வு பெற்ற அவர், தன் அக்காவும் மனைவியும் ஒன்றாகச் சேர்ந்து ஓர் இடத்துக்குப் போகிறார்கள் என்பதிலேயே நெகிழ்ந்துபோய், மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

வகுப்பு ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. கீழே சக்கரம் கழற்றும் சத்தம், மேலே கேசட்டில் பியானோ. டீச்சர் எங்கள் வயதுக்காரர்தான், ஆனால் முதுகு சுவரில் வரைந்த கோடு மாதிரி இருந்தது. ஓய்வு பெற்ற மலாய் டீச்சர் ஒருவர், சீனப் பாட்டிகள் சிலர், அவர்களுக்கு நடுவே நாங்கள் இருவர். அண்ணி புடவைக்குப் பதிலாகத் தன் தம்பியின் டிராக் பேன்டை அலமாரியிலிருந்து எடுத்து அணிந்து, மேலே ஒரு நீளச் சட்டையும் போட்டிருந்தார். மெல்லிய துணிச் செருப்பைக் கொடுத்து, என் கால் விரலில் இருந்த மெட்டியைக் கழற்றச் சொன்னார் டீச்சர். நான் மாட்டேன் என்றேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு அடுத்த அளவுச் செருப்பை எடுத்துக் கொடுத்தார்.

நாற்காலியின் முதுகைப் பிடித்து, குதிகால்களை ஒட்டி வைத்து, முழங்காலை மெதுவாக மடக்க வேண்டும். "ப்ளியே" என்றார் டீச்சர்.

அண்ணி என் காதில், "புளி எதுக்குடி கேக்கறா?" என்றார்.

அடுத்தது ஒரு காலை முன்னால் நீட்டித் தரையைத் தேய்ப்பது. அதன் பெயர் "தாந்து". டீச்சரின் வாயில் அது "தொந்தூ" என்று விழுந்தது. அண்ணி உடனே வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். "இவ்வளவு பேர் இருக்காங்க, என் தொந்திதான் கண்ணுல பட்டுதா?" எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாற்காலியோடு ஆடினேன். டீச்சர் கோபப்படாமல், "பெர்லாஹான், பெர்லாஹான்" என்று மட்டும் சொன்னார். மெதுவாக, மெதுவாக.

திரும்பி வரும் வழியெல்லாம் நாங்கள் சிரித்தோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணியும் நானும் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு வீடே வகுப்பாகிவிட்டது. அண்ணி அடுப்படியில் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவார். நான் எவ்வளவு நேரம் நிற்கிறேன் என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். நானும் விடமாட்டேன். பருப்பு அடிப்பிடித்தாலும் முதலில் யார் காலை இறக்குவது என்ற போட்டி. ஒரு முறை என் கணவர் தண்ணீர் குடிக்க வந்து, இருவரும் கொக்கு மாதிரி நிற்பதைப் பார்த்துவிட்டார்.

"என்ன பண்றீங்க?"

"எறும்பு" என்றார் அண்ணி. அவரும் தரையைப் பார்த்துவிட்டு ஒரு காலைத் தூக்கிக்கொண்டே வெளியே போனார்.

இன்னொரு நாள் பக்கத்து வீட்டு அக்கா, "பஜனை எப்படிப் போவுது? ஒண்ணு பாடுங்களேன்" என்றார். நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி கொஞ்சமும் அசராமல் கண்ணை மூடி, கேசட் பியானோவின் மெட்டில் "முருகா முருகா" என்று இழுத்தார். பக்கத்து வீட்டு அக்கா கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஆண்டு முடிவில் பிள்ளைகளின் நிகழ்ச்சி ஒரு பள்ளி மண்டபத்தில் ஏற்பாடானது. குட்டிப் பறவைகள் காட்டில் ஆடும் ஆட்டம். காட்டுக்கு மரம் வேண்டுமே, நாங்கள்தான் மரம். பச்சைத் துணி போர்த்தி, அட்டைக் கிளைகளைத் தலையில் கட்டிக்கொண்டு, கையை வளைத்து உயர்த்தியபடி நிற்க வேண்டும். "ஜாங்ஙான் கெராக்" என்று டீச்சர் விரலை ஆட்டிச் சொன்னார். அசையக் கூடாது. எங்களையெல்லாம் பார்த்துச் சொன்னாலும் கண் அண்ணி மேல்தான் இருந்தது.

திரை விலகியது. விளக்கு வெளிச்சத்துக்குக் கண் பழகியதும், அண்ணி உதட்டை அசைக்காமல், "தம்பி" என்றார்.

"என்ன அண்ணி?"

"உன் வீட்டுக்காரன்டி. முன்னால உக்காந்திருக்கான்."

பக்கத்து வீட்டு அக்காவின் அருகில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். அந்த அக்காவின் மகள் வயிற்றுப் பேத்தி அதே டீச்சரிடம் கற்றுக்கொள்கிறாள் என்பது எங்களுக்குத் தெரியாது. பேத்தி ஆடுவதைப் பார்க்க வாருங்கள் என்று அவரை அழைத்திருக்கிறார். பஜனைக்குப் போன இருவரும் வர நேரமாகும் என்று அவரும் கிளம்பி வந்திருக்கிறார். நான் ஓர் இலைக்குப் பின்னால் முகத்தை ஒளிக்கப் பார்த்தேன். இலை சின்னது.

பறவைகள் ஓடி வந்தன. கூட்டத்தைக் கண்டதும் கடைசிப் பறவை நடு மேடையில் நின்றுவிட்டது. உதடு பிதுங்கியது. அப்படியே கீழே உட்கார்ந்து அழ ஆரம்பித்தது. அதுதான் அந்தப் பேத்தி. பியானோ தன் பாட்டுக்கு ஓடியது. மேடை ஓரத்தில் டீச்சர் கையைப் பிசைந்தார்.

அப்போது ஒரு மரம் நகர்ந்தது.

குதிகாலைத் தூக்கி, கையை வளைத்து, அண்ணி மெதுவாக நடுவுக்குப் போனார். பாசாரில் விழுந்த நாளிலிருந்து சுவரைத் தொடாமல் நடக்காதவர். குழந்தையின் முன்னால் போய் முழங்காலை ஆழமாக மடக்கினார். எழுந்திருப்பாரா என்று நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். விரலை நீட்டினார். குழந்தை அட்டைக் கிளையைப் பார்த்தது, முகத்தைப் பார்த்தது, விரலைப் பிடித்துக்கொண்டது. அண்ணி எழுந்தார், எதையும் பிடிக்காமல்.

இருவரும் சுற்றத் தொடங்கினார்கள். அண்ணியைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. நானும் நகர்ந்தேன். எனக்குப் பின்னால் மலாய் டீச்சர், அவருக்குப் பின்னால் சீனப் பாட்டிகள். காடு முழுவதும் பறவைகளைச் சுற்றி வந்தது. இதுதான் ஆட்டம் என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது. எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று தட்டியவர் என் கணவர். யாருக்குத் தட்டுகிறோம் என்பது பாதி தட்டலில்தான் தெரிந்தது போல. கை அப்படியே நின்றது. பக்கத்து வீட்டு அக்கா ஏதோ கேட்டார். அவர் இன்னும் பலமாகத் தட்டினார்.

என் கணவர்தான் எங்களைக் காரில் அழைத்து வந்தார். பிரிக்ஃபீல்ட்ஸ் நெருங்கும்போது, "அக்கா, அந்தப் பஜனைக்கு ஆம்பிளைங்களையும் சேர்ப்பாங்களா?" என்றார்.

"உனக்கு உடம்பு வளையாதுடா" என்றார் அண்ணி.

அவர் கடைசி வரை அந்த மாடி ஏறவில்லை. ஆனால் சனிக்கிழமைதோறும் எங்களைக் கொண்டுபோய் விட்டு, கீழே டயர் கடை முதலாளியோடு கோப்பி குடித்துக்கொண்டு காத்திருப்பார். பொங்கல் முடிந்ததும் அண்ணி கிள்ளானுக்கே திரும்பினார். தனியாக இருக்க இனி பயமில்லை என்றார். நான் போக வேண்டாம் என்றேன். சொன்ன பிறகுதான் அது என் வாயிலிருந்து வந்தது என்று உணர்ந்தேன்.

சனிக்கிழமை காலையில் அங்கிருந்து பஸ் பிடித்து வகுப்புக்கு வந்துவிடுவார். வந்ததும் என் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கண்ணாடிக்கு நேராக நிற்கும் இடத்தைத் தான் பிடித்துக்கொள்வார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் ஆட வேண்டியிருந்தது.