காலுக்கு யூரியா

வலித்திருந்தால் நானே முதலில் பார்த்திருப்பேன். வீட்டுத் தரையில் ரத்தச் சுவடு இருக்கிறது என்று மனைவி சொன்ன பிறகுதான் காலைத் திருப்பிப் பார்த்தேன். வலது குதிகால் வெடிப்பில் நகம் மறையும் ஆழம்.

எனக்குப் பதினோரு வருடமாகச் சர்க்கரை. கோவில்பட்டியில் தோல் மருத்துவர் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். பாதி இடங்களில் தெரியவில்லை. நரம்புப் பாதிப்பு (சர்க்கரையால் உணர்வு குறைவது) என்று சொல்லி, இரண்டு களிம்புகள் எழுதினார்.

மருந்துக்கடையில் வாங்கிப் பார்த்தால், ஒன்றில் யூரியா, இன்னொன்றில் ஜிங்க். எனக்குச் சுருக்கென்றது. இரண்டும் நான் மக்காச்சோளத்துக்குப் போடுபவை. இது வைத்தியச் சீட்டா, உரக்கடைச் சீட்டா? ஈரமில்லாத சோளக்காட்டில் யூரியா போட்டுப் பயிர் கருகியதைப் பார்த்தவன் நான். யூரியாக் களிம்பைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஜிங்க் வெள்ளையாக, சாதுவாகத் தெரிந்தது. காட்டிலிருந்து வந்ததும் காலைத் துணியால் துடைத்துவிட்டு அதை மட்டும் அப்பினேன். வெடிப்பு மூடியது போலத்தான் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் செருப்பில் நாற்றம் வந்தது. வெள்ளைப் பூச்சுக்கு அடியில் கரிசல் தூசியும் சீழும். எங்கள் தெருவில் ஒருவருக்கு இப்படித் தொடங்கித்தான் கால் முழங்காலோடு போயிற்று. பயந்துபோய் மறுபடி கோவில்பட்டிக்கு ஓடினேன். அப்போதும் சந்தேகமெல்லாம் மருத்துவர் மேல்தான்.

"யூரியாவத் தடவலியா அண்ணாச்சி?" என்றார் அவர்.

"பயிருக்குப் போடுதத மனுசனுக்கு எழுதியிருக்கீங்களே!"

அவர் கோபப்படவில்லை. "காட்டுக்கு யூரியா எப்பம் போடுவீங்க?"

"மழை பெஞ்சு ஈரம் இருக்கையில."

"காலுக்கும் அதேதான். குளிச்ச ஈரம் காயும் முன்ன தடவணும்."

பிறகு பிரித்துச் சொன்னார். யூரியாக் களிம்பு மென்மையாக்கி (ஈரத்தைப் பிடித்து, தடித்த தோலை இளக்குவது). வெடிப்பைச் சுற்றித்தான் தடவ வேண்டும், புண்ணுக்குள் கூடாது. ஜிங்க் காப்புக் களிம்பு (தோலின் மேல் வேலி கட்டுவது). நான் ஆட்டை உள்ளே விட்டுவிட்டு வேலி கட்டியிருக்கிறேன்.

என்னைப் போன்றவர்களுக்கு ஒன்று: மூட்டை யூரியாவைக் குழைத்துப் பூசிவிடாதீர்கள். களிம்பில் இருப்பது சுத்தம் செய்து அளவோடு சேர்த்தது.

புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் காட்டுக்குப் போகவில்லை. கால் தப்பியது.

மழையை எதிர்பார்த்தே வருடங்களைக் கழித்தவன் நான். இப்போது குளித்த ஈரம் காய்வதற்குள் களிம்பை எடுக்க ஓடுகிறேன். வலியில்லை என்பதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்வதில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, தினமும் உள்ளங்காலைப் பார்க்கிறேன்.

"நேத்துதான பாத்தீங்க?" என்பாள் மனைவி.

"அது நேத்துக் காலு," என்பேன்.