காதர் பாயின் பதினோரு செப்புக் காசுகள்

போன வெள்ளிக்கிழமை காலை என் கடிகாரக் கடையில் ஒரு கைக்கடிகாரத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் வாசலில் வந்து நின்றார். "பக்கத்துக் கடை பாய் மவுத்தாயிட்டாருபா. காலைத் தொழுகைக்கு வரலியேன்னு போய்ப் பாத்தேன். தூங்கறாப்பல இருக்குறாரு" என்றார். அன்று முழுக்க அந்தக் கடிகாரத்தை மூட எனக்குக் கை வரவில்லை.

காஞ்சிபுரத்தில் அவரைப் பழைய செம்பு, பித்தளை வாங்கும் காதர் பாய் என்றுதான் தெரியும். அவர் அரிய காசுகள் சேர்த்தவர் என்பதை அறிந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தால் அதிகம்.

அறுபதுகளின் தொடக்கத்தில், முசரவாக்கத்திலிருந்து எடைக்கு வந்த மூட்டையில் ஒரு செப்புக் காசு அகப்பட்டது. என் பூதக்கண்ணாடியை வாங்கிக் கண்ணில் இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "கோபாலு, இது கடைத்தெருவையே பாக்காத காசுபா" என்றார். கிழக்கிந்தியக் கும்பினி காலத்து இருபது காசு. ஒரு பக்கம் கிரீடம் ஏந்திய சிங்கம், மறுபக்கம் பாரசீக எழுத்து. புழக்கத்துக்கு விடுமுன், மெருகேற்றிய புது அச்சில் மாதிரிக்கென்று சில காசுகளை மட்டும் அடிப்பார்களாம். வெல்லப்பாகின் நிறத்தில் இருந்த அதில் முகம் தெரிந்தது.

அதன்பின் எட்டு ஆண்டுகளில் அப்படிப் பதினொன்று சேர்த்தார். அதைப் பற்றிப் பேச ஊரில் ஆளில்லை. எனக்கும் பாதிதான் புரியும். சென்னையில் ஒரு சேகரிப்பாளர் மாதம் ஒரு கடிதம் எழுதுவார். அது வரும் நாளில் பாயின் நடையே வேறாக இருக்கும்.

அந்தச் சேகரிப்பாளர் ஒருமுறை நேரில் வருவதாக எழுதினார். முதல் நாள் பாய் வாலாஜாபாத் போயிருந்தார். விருந்தாளி வருகிறாரே, காசுகள் பழுப்பேறிக் கிடக்கின்றனவே என்று அவர் மனைவி ஜைனபம்மாள் பதினொன்றையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். மெருகெல்லாம் போய்விட்டது; சேகரிப்பவர்களுக்கு அந்த மெருகுதான் மதிப்பு.

"தட்டுல வெச்சுக்கினு சிரிச்சிக்கினே நீட்டினாபா. நல்லா இருக்குதும்மான்னேன். வேற இன்னா சொல்றது?" என்று அன்றிரவு என்னிடம் சொன்னார்.

மறுநாள் நானும் அங்கிருந்தேன். விருந்தாளி ஒரு காசை எடுத்ததுமே கொதித்தார். "எந்த முட்டாள் இதைத் தேய்ச்சது?"

உள்கதவுக்குப் பின்னால் டீ கலக்கும் ஓசை நின்றது.

"நான்தான் சார். அழுக்குன்னு நெனச்சிட்டேன்" என்றார் பாய்.

வந்தவர் டீயைத் தொடாமல் போனார். பிறகு கடிதம் வரவில்லை. பாய் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை.

சில நாள் கழித்து ஜைனபம்மாள் என்னிடம் கேட்டார்: "நான்தான் கெடுத்துட்டேனா தம்பி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கக்கா. அந்த ஆளு கொஞ்சம் கோவக்காரரு" என்றேன். பாய் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த அம்மையார் காலமானார். பிள்ளைகள் இல்லை. அடக்கம் முடிந்த வாரத்தில் பாய் சொன்னார்: "அன்னிக்கு நெசத்தைச் சொல்லியிருந்தா லெட்டர் வந்துக்கினு இருந்திருக்கும். வூட்ல பேச்சு நின்னு போயிருக்கும்பா." அவர் சொன்னதில் வருத்தம் இருந்தது, குறை இல்லை. அந்த விருந்தாளி போன நாளிலிருந்தே அவர் புதிதாக ஒரு காசும் தேடவில்லை.

பாயை அடக்கம் செய்தபோது கபரஸ்தானில் நானும் மூன்று பிடி மண் போட்டேன். அந்த அம்மையாரின் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. எல்லோரும் கலைந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன்.

இருவருமாகப் பேசிக்கொண்டிருங்கள், பாய். இங்கே பக்கத்துக் கடை பூட்டிக் கிடக்கிறது.