நொண்டி தின்ற பிறகு

மாவு மில்லில் லாரிகளுக்கு எடை போடுகிறவரை எல்லோரும் காக்கா அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். மேலதிகாரிகளைக் காக்கா பிடிக்கத் துளியும் தெரியாத மனிதருக்கு அந்தப் பெயர் வாய்த்தது எங்களுக்கெல்லாம் பெரிய வேடிக்கை. ஒரு லாரி போய் அடுத்தது வருவதற்குள் ஜன்னலோரம் போய் நின்றுவிடுவார். பக்கத்து மேஜையில் கேட் பாஸ் எழுதுகிறவள் நான். பதினோரு வருடமாக அவர் முதுகைப் பார்த்தே என் பகல்கள் போயின.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. எந்தக் காக்கை எத்தனை மணிக்கு வந்தது, எதைத் தின்றது, யாரிடம் பிடுங்கியது, எல்லாம் அதில் ஏறும். காய்ந்த ரொட்டியைக் குழாயடித் தண்ணீரில் நனைத்துத் தின்கிறது எது, ஒரு இடத்தில் ஒளிப்பதுபோல் நடித்துவிட்டு வேறு இடத்தில் ஒளிக்கிற கள்ளன் எது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மூட்டையை நகர்த்தினால் பூச்சி கிளம்பும் என்று தெரிந்து, சுமை தூக்குகிறவர்களின் காலடியிலேயே மைனாக்கள் நடப்பதை எனக்குக் காட்டியதும் அவர்தான். "வேற வேலையே இல்லையாண்ணே?" என்று எரிந்து விழுவேன். பிறகு நானும் எட்டிப் பார்ப்பேன்.

கூட்டத்துக்குப் பெரிய மனுஷி நொண்டி. இடது காலில் விரல்கள் இல்லாத கிழட்டுக் காக்கை. புதிதாக எது கிடந்தாலும் அவள்தான் முதலில் வாய் வைப்பாள். தின்றுவிட்டு மதில் விளிம்பில் அலகை இரண்டு பக்கமும் தேய்ப்பாள். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். அதன்பிறகு ஒரு குரல் கொடுப்பாள். அதுவரை மற்றதெல்லாம் விளக்குக் கம்பத்தில் காத்திருக்கும். அண்ணன் தட்டில் வைப்பதை மட்டும் அவள் யோசிக்காமல் தின்பாள். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மகள் வீட்டில் ஒரு மூலையில் ஒண்டியிருந்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மாவு வாங்குகிற கம்பெனியிலிருந்து சோதனைக்கு வந்தவர்கள், கோதுமைத் தொட்டியோரம் எச்சம் கிடப்பதைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பதினைந்து நாளில் திரும்ப வருவார்களாம், அப்போது ஒரு பறவைகூட இருக்கக்கூடாதாம். மேனேஜர் மருந்து வைக்கிறவனைக் கூட்டிவந்தார். அவனை மரியாதையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. முற்றமெங்கும் விஷ உருண்டைகளை வைத்தான். நொண்டி ஒன்றைக் கொத்தினாள், துப்பினாள், தொண்டைக்குள் கரகரத்தாள். அதோடு சரி. ஐந்து நாள் ஒரு காக்கைகூட அந்தப் பக்கம் இறங்கவில்லை.

டீ நேரத்தில் அவன் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "எங்கண்ணனக் கேளுங்க. அதுங்க சங்கதியெல்லாம் அவருக்குத்தான் தெரியும்" என்றேன்.

அண்ணனுக்குக் கேட்க ஒரு ஆள் கிடைத்தால் போதும். "அதுங்களுக்கு நம்மள விட மூளை ஜாஸ்தி. நொண்டி தின்னு, கொஞ்ச நேரம் அவளுக்கு ஒண்ணும் ஆகலன்னாதான் மத்தது இறங்கும்" என்று நோட்டைப் பிரித்தே காட்டினார். அவன் இன்னொரு டீ சொல்லிவிட்டுக் கவனமாகக் கேட்டான்.

மறுநாள் மேனேஜர் அண்ணனைக் கூப்பிட்டார். "விஷமெல்லாம் பாவம்யா. வலை போட்டுப் புடிச்சு, தூரமா ஏரிப் பக்கம் விட்ருவாங்க. நீ மூணு நாள் உன் தட்டுல ரொட்டி வச்சுப் பழக்கிக் குடு, போதும்."

திரும்பி வந்த அண்ணன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "குஞ்சு ஏதாச்சும் தெரியாம அந்த உருண்டையத் தின்னுடுமோன்னு பயந்துட்டே இருந்தேம்மா. எங்கயாவது உசுரோட இருக்கட்டும்" என்றார்.

மூன்று நாள் வைத்தார். நான்காம் நாள் ரொட்டியை மருந்து வைக்கிறவனே நனைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். வலை மதியம் வரும் என்றான். அண்ணன் தட்டை வைத்தார். நொண்டி தின்றாள். அலகைத் தேய்த்தாள். உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் மெதுவாக வேலை செய்கிற மருந்துக்கு மாற்றியிருந்தான். அவள் குரல் கொடுத்தாள். கூட்டம் இறங்கியது.

மதியம் வலை வரவில்லை. கம்பத்திலிருந்து ஒன்று விழுந்தது. அண்ணன் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். அதற்குள் மதிலிலிருந்து இரண்டு. நொண்டி குழாயடியில் சிறகை விரித்துக் கிடந்தாள். சாக்கில் அள்ளியவை ஐம்பத்தேழு. மேனேஜரின் சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. என்னைக்கூட ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

தப்பியவை ஆறேழு. தட்டு வைத்த முகத்தை அவை மறக்கவில்லை. அண்ணன் கேட்டுக்குள் நுழைந்ததும் கத்திக்கொண்டு பாயும். அறைக்கு வந்து சேர்வதற்குள் உச்சந்தலையில் ரத்தம் வந்துவிடும். மருந்து கலந்தவன் மாதம் ஒருமுறை எலிக்கு வைக்க வருகிறான், அவனை ஒன்றும் சீண்டுவதில்லை. அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். மகள் ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தாள். அதைக் கேட்டிலேயே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வருவார்.

"போட்டுக்கிட்டுதான் வாங்களேண்ணே."

"என் மூஞ்சி அதுங்களுக்குத் தெரியணும்மா."

இரண்டு வருடம் ஓடிவிட்டது. போன வாரம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவர், நொண்டி செத்த நாளிலிருந்து தொடாத நோட்டை வெளியே எடுத்தார்.

"இன்னிக்குக் கொத்தினது சின்னது. வாய்க்குள்ள குஞ்சுச் செவப்பு இன்னும் மாறல. அன்னிக்கு அது பொறக்கவே இல்ல" என்றார். "பெருசுங்க இதுக்கும் சொல்லிக் குடுத்திருக்கு, பாரேன்."

நேரத்தை எழுதினார். அவர் கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் பழைய நிம்மதி.

"இனிமே என் தட்டுல எவன் எதக் கலந்து குடுத்தாலும், இந்தக் கூட்டத்துல ஒண்ணுகூட வாய வைக்காதும்மா."