என் கழுத்தும் தங்கையின் முதுமாணியும்

என் தங்கை சிவானுஜா கொழும்பில் முதுமாணிப் படிப்பு, அதாவது எம்.ஏ., படிக்கிறாள். இயலாமைக் கற்கைகள் என்று அதற்குப் பெயராம். போனில் அவள் முதல் தடவை சொன்னபோது, "இயலாமைய யாராச்சும் காசு கட்டிப் படிப்பாங்களா? நம்ம தோட்டத்துல சும்மாவே கெடைக்குதே" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. வயிறு எரிந்துதான் சொன்னேன்.

கூடப்பிறந்தவளைப் பார்த்து வயிறு எரிந்தது என்று ஒரு அக்கா எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதத்தான் போகிறேன். எனக்கு நாற்பத்து நாலு வயது ஆகிறது, இனி யாருக்குப் பயம்?

என் பெயர் விஜயலெட்சுமி. லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். புருசன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குப் போய், இப்போது வருசத்துக்கு ஒரு தரம் தீபாவளிக்கு மட்டும் வருகிறார். ஒரே மகளைக் கொஸ்லந்தையில் கட்டிக் கொடுத்துவிட்டேன். அம்மாவும் அப்பாவும் இப்போது இல்லை. எட்டாம் வகுப்பு வரை நான்தான் வகுப்பில் முதல் பிள்ளை. தமிழ்த்தினப் போட்டிக்குப் பதுளை வரை போய்க் கட்டுரைக்கு இரண்டாம் பரிசு வாங்கியவள். இதை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரிடமாவது சொன்னால், "அப்படியா?" என்று கேட்டுவிட்டு, "ஆமா, தங்கச்சி எப்ப வருது?" என்பார்கள்.

சிவாவுக்கு இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் கால் இரண்டும் விளங்காமல் போயின. ஆனாலும் அவளைப் படிக்க வைத்தே தீருவேன் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் தோட்டத்தின் மேல் டிவிசனில் இருந்தது. எங்கள் லயத்திலிருந்து படியும் ஒற்றையடிப் பாதையுமாக முக்கால் மணி நேரம் ஏற வேண்டும். என் பள்ளிக்கூடமோ கீழே, லுணுகலை டவுனில். ஒரே நேரத்தில் மேலேயும் கீழேயும் போக எனக்கு வழி தெரியவில்லை. அம்மாவும் அப்பாவும் விடிய ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் போய் நிற்காவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. அதனால் என் படிப்பு நின்றது. "நீ கெட்டிக்காரி, எப்ப வேணும்னாலும் படிச்சுக்குவ" என்றாள் அம்மா. எனக்கு அப்போது பதினாலு வயது.

சிவாவைக் கொழுந்துக் கூடையில் உட்கார வைத்து, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறுவேன். அவள் நோஞ்சான் பிள்ளை, கூடைக்குள் அடங்கிவிடுவாள். அப்படி ஐந்து வருசம். பதினாறு வயதில் எனக்கும் தோட்டத்தில் பேர் பதிந்தார்கள். அதன் பிறகு அவளை விட்டுவிட்டு வந்து, கங்காணியின் தயவில் பிந்தி வேலைக்குச் சேர்ந்து, அதே கூடையில் கொழுந்து பறிப்பேன். கூடையின் கறை அவளுடைய வெள்ளைச் சட்டையில் ஒட்டிக்கொள்ளும். அதற்கும் அம்மா என்னைத்தான் ஏசுவாள்.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரான பெரிய சேர் எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டு, "பாருங்க, இந்தப் புள்ள எவ்வளவு கஷ்டப்பட்டு மலை ஏறி வருது" என்று சொல்வார். ஏறி வந்தது நான். அவள் உட்கார்ந்து வந்தாள். நோகாமல் நுங்கு தின்பது என்பார்களே, அதை நான் தினமும் முதுகில் வைத்துச் சுமந்தேன்.

பிறகு அவளுக்கு எல்லாம் வந்தது. எங்கிருந்தோ சக்கர நாற்காலி வந்தது. லுணுகலையில் விடுதியோடு படிக்க இடம் கிடைத்தது. பதுளையில் புடவைக் கடை வைத்திருக்கும் ராமநாதன் முதலாளி, அவள் ஏ.எல். பரீட்சை பாஸானதற்கு மூன்று சல்வார் கொடுத்தார். கம்பஸுக்கு, பல்கலைக்கழகத்துக்கு, இடம் கிடைத்தபோது கோயிலில் மாலை போட்டு போட்டோ எடுத்தார்கள். அந்த போட்டோவில் நானும் இருக்கிறேன். நாற்காலியின் பிடியைப் பிடித்திருக்கும் ஒரு கை, அது என்னுடையது.

இப்போது முதுமாணி. அதற்கு ஒரு ஆய்வு செய்ய வேண்டுமாம். எங்கள் தோட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் எப்படி வாழ்கிறார்கள் என்பதையே தலைப்பாக எடுத்துக்கொண்டு, போன ஏப்ரலில் கோச்சியில், ரயிலைத்தான் சொல்கிறேன், பதுளை வந்து, அங்கிருந்து த்ரீவீல் பிடித்து வந்து இறங்கினாள். பை நிறையப் படிவங்கள். ஆனால் வெளியே எங்கும் படி, நாற்காலி எங்கள் லயத்து வாசலைத் தாண்டாது.

"அக்கா, நீங்க வீடு வீடாப் போய்க் கேட்டு நெரப்பிட்டு வர்றீங்களா?" என்றாள்.

"அப்பவும் நான்தான் ஏறுனேன், இப்பவும் நான்தான் ஏறணுமா?" என்று கேட்டேன். வாய்தான் அப்படிக் கேட்டது. உள்ளுக்குள் ஆசையாக இருந்தது. முப்பது வருசத்துக்குப் பிறகு கையில் பேனா.

வேலை முடிந்து வந்து, மூன்று நாள் பின்னேரங்களில் ஏழு லயமும் ஏறி இறங்கினேன். முத்து முத்தாக எழுதினேன். யாருக்கு என்ன குறை, எப்போதிருந்து, கூட இருந்து ஒத்தாசை செய்வது யார் என்று ஒரு கட்டமும் விடவில்லை. பதினேழு பேர் சேர்ந்தார்கள். கடைசிப் படிவத்தைக் கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டேன்.

"இதுல என் பேரும் வருமா?"

"கட்டாயம் வரும்க்கா. நன்றிப் பக்கத்துல மொதப் பேரே ஒங்க பேருதான்."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ. நன்றி! த்ரீவீல்காரருக்கும் அந்தப் பக்கத்தில்தானே நன்றி சொல்வாள்? நான் அவளிடம் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்றுதான். இந்தப் படிப்பில் பாதி என் அக்காவுடையது என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். என்னிடம் தனியாகச் சொன்னால் கூடப் போதும். அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. படிவங்களைப் புரட்டத் தொடங்கிவிட்டாள்.

புரட்டியவள் ஒரு இடத்தில் நின்றாள்.

"கருப்பம்மாக்கா வீட்டுல கொறை உள்ளவங்க 'யாரும் இல்லை'ன்னு போட்டிருக்கீங்களே?"

"ஆமா. அங்க யாரு இருக்கா?"

"கருப்பம்மாக்காவுக்கே வலது கை வெரல் மடங்காதேக்கா. சோத்தக் கூட இடது கையாலதான் திங்கிறாங்க."

"அடியே, அவங்க பெரட்டுக்கு வர்றாங்கடி! பேர் விழுது அவங்களுக்கு!"

தோட்டத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு இது விளங்காது. எங்களுக்கு ஒரு நாள் வேலை என்றால் ஒரு பேர். சொன்ன கிலோ பறித்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். காலையில் பெரட்டில் வந்து நின்று, அரைப் பேராவது விழுகிறவரை ஒருவருக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை என்பதுதான் எங்கள் பேச்சு. கண் மங்கினாலும், தோள் இறுகினாலும், மூட்டு தேய்ந்து பக்கவாட்டில் படி இறங்கினாலும் அது ஊனம் ஆகாது. வேலைக்குப் போக முடியாமல் காம்பராவுக்குள், லயத்து அறைக்குள், கிடந்தால்தான் ஊனம். அப்படித்தான் நானும் இருபது இருபத்தைந்து வீடுகளில், வாசலில் கூட நிற்காமல், 'யாரும் இல்லை' என்று எழுதிவிட்டு வந்திருந்தேன்.

சிவா எல்லாவற்றையும் பார்த்து முடித்தாள். "இது பூராத் தப்புக்கா. திரும்பப் போகணும்" என்றாள்.

தப்பு என்ற சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. கட்டுரையில் ஒரு எழுத்துப் பிழை கூட விடாதவள் நான். அதுவும் யார் சொல்கிறாள்?

"அவ்வளவு தெரிஞ்சவ நீயே ஏறு அந்தப் படியில" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவள் முகம் சுண்டிப்போனது. அப்போதும் நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. அடுப்பை ஊதுவது போல் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து நாற்காலி அடுப்படிக்கு வந்தது. அவள் மடியில் புதுப் படிவம் ஒன்று இருந்தது.

"ஒங்கள்ட்ட இருந்தே ஆரம்பிக்கிறேன்" என்றாள்.

"நான் என்ன நொண்டியா?"

"நான் நொண்டி. நீங்க என்னன்னு பாப்போம். கையத் தலைக்கு மேல தூக்குங்க."

தூக்கினேன். இடது கை மேலே போனது. வலது கை தோள் மட்டத்தில் நின்றது. இது புதுசா எனக்கு? பத்து வருசமாக அப்படித்தான்.

"கழுத்தத் திருப்பி என்னயப் பாருங்க."

கழுத்து திரும்பாது. உடம்போடுதான் திரும்ப முடியும். திரும்பினேன். அவள் எழுதிக்கொண்டாள்.

"தலை வாரிப் பின்னிக்க முடியுதா?"

"மக இருந்தப்ப அவ பின்னி விடுவா. இப்ப சும்மா முடிச்சுப் போட்டுக்கிறேன். வயசான பொம்பளைக்கு என்னத்துக்குப் பின்னல்?"

"இந்த மாசம் எத்தன முழுப் பேர்?"

"எட்டு. மத்ததெல்லாம் அரைப் பேர்."

"கழுத்து எதனால இப்படியாச்சு?"

இந்தக் கேள்விக்குத்தான் முப்பது வருசமாகப் பதில் வைத்திருந்தேன். உன்னைச் சுமந்து சுமந்து என்று ஒருநாள் அவள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும், கேட்டு அவள் துடிக்க வேண்டும் என்று எத்தனை நாள் கொழுந்து பறித்துக்கொண்டே நினைத்திருக்கிறேன். இப்போது அவளே கேட்கிறாள்.

"கூடை சொமந்ததுல" என்றேன்.

"எந்தக் கூடை?"

அவளுக்குத் தெரிந்திருந்தது. எத்தனை நாளாகத் தெரியுமோ.

"ரெண்டுந்தான்" என்றேன்.

அவள் குனிந்து எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். 'பதினான்கு வயது முதல் தங்கையைப் பள்ளிக்குச் சுமந்தது. பின்னர் கொழுந்து சுமந்தது.' படிவத்தின் மேலே என் முழுப் பெயர். பதினெட்டு என்று இலக்கம். அவளுடைய படிப்புக்குள் எனக்கு ஒரு இடம் வேண்டும் என்று ஆசைப்பட்டேன், கிடைத்துவிட்டது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோசமாக இல்லை. அவமானமாகவும், அவள் மேல் இன்னும் எரிச்சலாகவும் இருந்தது. என் கழுத்தும் அவளுக்குத்தான் போகிறது, பார்த்தீர்களா?

கடைசிக் கட்டம் ஒன்று மிச்சம் இருந்தது.

"தெனமும் ஒங்களுக்கு ஒத்தாசை பண்றது யாரு?"

பதினேழு வீட்டிலும் இந்தக் கட்டத்தை என் கையால்தான் நிரப்பியிருந்தேன். அம்மா, தம்பி, மருமகள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு ஆள் இருந்தது. சிவாவுக்கு யாராவது படிவம் நிரப்பினால் அதில் அக்கா என்று எழுதுவார்கள். எனக்கு யார்? யோசித்துப் பார்த்தேன். நிசமாகவே யோசித்தேன்.

"யாரும் இல்லைன்னு எழுது" என்றேன்.

அவள் எழுதினாள். எழுதிவிட்டுப் பேனாவை எடுக்காமல் அப்படியே இருந்தாள். படிவத்தில் சொட்டு விழுந்தது. அவள் அழுவதைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாவமோ புண்ணியமோ, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போல் இருந்தது. இத்தனை வருசத்தில் எனக்காக அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

பிறகு அவள் 'யாரும் இல்லை' என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'சி' என்று தொடங்கினாள். தன் பெயரைத்தான் எழுதப் போகிறாள். நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

"அத எழுதாத சிவா. மொதல்ல செய். அப்புறம் எழுது."

அவள் என்னைப் பார்த்தாள். பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள். நாற்காலியை அடுப்படிச் சுவரோரமாக நகர்த்தி, அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்த சீப்பை எட்டி எடுத்தாள்.

"இங்க வந்து கீழ ஒக்காருங்க" என்றாள்.

போய் அவள் காலடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அவளுக்குச் சிக்கெடுக்கத் தெரியவில்லை. வேரோடு பிடித்து இழுத்தாள். கழுத்தில் உயிர் போகிற வலி. நிறுத்தச் சொல்லவில்லை.