லாபம், ரெண்டு, மூணு

பிறர் செய்த கைப்பேசி விளையாட்டை ஆடும்போது புனிதவதி பாதியில் நிறுத்திவிடுவாள். மனத்துக்குப் பிடித்த ஓர் இடம் வந்தால் போதும், கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கணினியில் தான் உருவாக்கிய விளையாட்டின் கடைசிப் பக்கத்தைத் திறப்பாள். 'நன்றி' என்று தலைப்பிட்ட அந்தப் பக்கத்தில், எதை யாரிடமிருந்து எடுத்தாள் என்பதற்கு ஒரு வரி கூடும். இதுவரை நாற்பத்தொரு வரிகள். அவளுக்குப் படம் வரைந்து கொடுக்கும் நித்தியா தலையில் அடித்துக்கொள்வாள். "அக்கா, இப்டி யாரும் லிஸ்ட் போட்டு மாட்டிக்க மாட்டாங்க லா."

"மறைச்சு எடுத்தா திருட்டு. சொல்லிட்டு எடுத்து நம்ம கையால மாத்துனா அது பாடம்" என்பாள் புனிதவதி. எவ்வளவு மாற்றினால் போதும் என்று கேட்டால் மட்டும் உதட்டைப் பிதுக்குவாள்.

வயது முப்பத்திரண்டு. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. வீடு புஞ்சாக் ஆலாமில், அம்மா அமராவதியோடு. வேலை போக மிஞ்சிய நேரத்தையெல்லாம் மூன்று வருடம் கொட்டிச் செய்து, இணையத் தளமொன்றில் விற்பனைக்கு விட்ட விளையாட்டு அது. அதில் மழை வருவதற்குள் செம்பனைக் குலைகளை லோரியில் ஏற்ற வேண்டும். ஓட்டமும் தாவலும் சபாக் ஊரில் படித்த பள்ளி நாளில் அவள் ஆடிய ஒரு பழைய விளையாட்டிலிருந்து வந்தவை. நன்றிப் பக்கத்தின் முதல் வரியே அதுதான். குலைகளை எண்ணும் குரல் அமராவதியுடையது. தோட்டத்துப் பழக்கத்தில் அவர் 'ஒன்று' சொல்வதில்லை. எண்ணிக்கை நல்ல வார்த்தையில் தொடங்க வேண்டுமாம். லாபம், ரெண்டு, மூணு என்று திரையிலும் அப்படியே எழுத்து வரும்.

போன மாதம் ஒரு நிறுவனம் புதிய விளையாட்டு ஒன்றை வெளியிட்டது. குலைக்குப் பதில் தேங்காய், லோரிக்குப் பதில் படகு. நானும் பார்த்துச் செய்தவள்தானே என்று புனிதவதி பொறுமையாகத்தான் ஆடினாள். முதல் தேங்காய் படகில் விழுந்ததும் திரையில் ஆங்கிலத்தில் 'புரோஃபிட்' என்று வந்தது. அடுத்தது 'டூ'. அவள் விளையாட்டில் இருந்ததைப் பொருள் தெரியாமலே மொழிபெயர்த்து வைத்திருந்தார்கள்.

அதோடு விடவில்லை. அவள் வாய் திறப்பதற்குள் அந்த நிறுவனமே முந்திக்கொண்டு, காப்பியடித்தவள் இவள்தான் என்று புகார் கொடுத்துவிட்டது. சாட்சி, அவளுடைய நன்றிப் பக்கம். விற்பனைத் தளம் அவள் விளையாட்டை நீக்கிவிட்டது. பதில் தர இன்று மாலை வரை கெடு. தவறினால் அது திரும்பி வராது.

"அந்தப் பக்கத்த அழிச்சிரு, அக்கா. எல்லாமே சொந்தம்னு போட்டுரு" என்றாள் நித்தியா.

புனிதவதி நாற்பத்தொரு வரிகளையும் பதிலோடு இணைத்தாள். "எண்ணுறது மட்டும் எங்கம்மாவுது" என்றாள்.

பின்னால் நின்ற அமராவதி மறுத்துத் தலையசைத்தார். "எனக்கு மட்டும் ஏது புனிதா? தோட்டத்து லயத்து வீடுங்கள்ல எல்லாருமே அப்டித்தான் எண்ணுவோம். கொரலு வேணா என்னுது."

அதையும் நாற்பத்திரண்டாவது வரியாகச் சேர்த்தாள். பதில் படிவத்தில் மிச்சம் ஒரு கட்டம். அந்த நிறுவனம் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டவை எவையெவை என்று எண்ணிட்டு எழுத வேண்டும். கணினி தானாகவே '1' என்று போட்டு அவளுக்காகக் காத்திருந்தது. புனிதவதி அந்த எண்ணை அழித்துவிட்டு, அதே இடத்தில் 'லாபம்' என்று தட்டினாள்.