கண்ணாடியில் படிந்த வெள்ளை

பியர்பொன்ட்ஸ் புறநகரில் அண்ணை வீடு வாங்கிக் குடிபுகுந்த அன்று, அவர் மனைவி என்னை விருந்தினர்களுக்கு அறிமுகப்படுத்தினாள்: "இவ என்ர மச்சாள். வீடு வீடாக் கழுவித் திரியிறவ." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு நெஞ்சு எரிந்தது.

மார்கழியில், தன் மகளின் பிறந்தநாளுக்கு முதல்நாள் அவளே கூப்பிட்டாள். "உமக்குப் பழகின வேலைதானே. காஸ் ஃபயர்பிளேஸ் கண்ணாடியைத் துடைச்சுத் தாரும்."

குளிர்காய எரிக்கும் காஸ் அடுப்பின் முன்கண்ணாடி அது; அதற்கென்று தனிக் கிரீம் இருக்கிறது. ஜன்னலுக்கு அடிக்கும் ஸ்பிரேயைப் போட்டால், சூடேறியதும் வெள்ளையாகப் படிந்துவிடும், பிறகு போகாது. தெரிந்தேதான் ஸ்பிரேயை அடித்தேன். கண்ணாடி பளபளத்தது.

விருந்தில் நெருப்பை மூட்டினார்கள். சற்று நேரத்தில் கண்ணாடி மங்கி வெளுத்தது. எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

"ஆர் இதைத் துடைச்சது?" அண்ணை எல்லோர் முன்னாலும் கத்தினார்.

அவள் என்னைப் பார்த்தாள். என் பெயரைச் சொன்னால் போதும்.

"நான்தானப்பா. கண்டதையும் போட்டுத் துடைச்சிட்டன்."

"உமக்கு ஒரு வேலையும் உருப்படியாச் செய்யத் தெரியாது!"

அவள் கண் கலங்கியது. நான் வாய் திறக்கவில்லை.

அவள்மீதான கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால், அவளைக் காணும்போதெல்லாம் முதலில் தலை குனிவது நான்தான்.