மாமா குரூப்பை விட்டு வெளியேறினார்

நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை.

எழுந்ததும் நாள்காட்டித் தாளைக் கிழித்தேன். பால் காய்ச்சினேன். வரும் வாரத்துக்கான புடவைகளை இஸ்திரி போட்டு, கட்டப்போகும் வரிசையில் அடுக்கினேன். ஞாயிறு என்றால் பித்தளைக் குடங்களுக்குப் புளி போட்டுத் தேய்க்கும் நாள், தேய்த்தேன். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும் — என் நாட்குறிப்பில் இதெல்லாம் ஏறிவிடும். காலை டிபன் உட்பட. அன்றைக்கு ராகி அடை.

அடையைப் பிட்டு வாயில் வைத்துக்கொண்டே ஃபோனை எடுத்தேன். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு வரி.

‘முனிரத்தினம் மாமா வெளியேறினார்.’

கையிலிருந்த அடையைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். என் மகள் வினோதினி ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை பிரசாந்த். முனிரத்தினம், மாப்பிள்ளையின் தாய்மாமன். எங்கள் இரண்டு குடும்பங்களிலும் ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டார் நீட்டும் நிச்சயத் தாம்பூலத் தட்டை மாப்பிள்ளையின் தாய்மாமன்தான் கை நீட்டி வாங்க வேண்டும். மாமன் வராவிட்டால் தட்டு நகராது. மாமன் கோபித்துக்கொண்டு பந்தலை விட்டு எழுந்து போனதால் நின்றுபோன நிச்சயங்கள் உண்டு. எந்தக் குடும்பத்தில் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள்.

இந்தக் காலத்தில் பந்தலுக்கு முன்னால் குரூப் போட்டுவிடுகிறோம். அதனால் கோபமும் முன்கூட்டியே வந்துவிடுகிறது.

குரூப்பை ஆரம்பித்தவள் நான்தான். பெயர் ‘இரு வீட்டார்’. எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைப்பவள் இல்லையா? முதல் நாளே விதிகள் எழுதிப் போட்டேன். அரசியல் வேண்டாம். சாதிப் பேச்சு வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு மேல் மெசேஜ் வேண்டாம். டிஜிட்டல் காசைப் பற்றிப் பேச வேண்டாம் என்று எழுத யாருக்குத் தோன்றும், சொல்லுங்கள்?

சனிக்கிழமை சாயங்காலம் யாரோ ஒருவர் ஒரு வீடியோவைத் தள்ளிவிட்டார். ‘இனி நோட்டுக்கு வேலை இல்லை, டிஜிட்டல் நாணயம்தான் எதிர்காலம்.’ அவ்வளவுதான். அதுவரை பூங்கொத்துப் படம் போட்டுக் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பொருளாதார நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். ஒருவர் பிட்காயினைப் பேசுகிறார். ஒருவர் அரசாங்கத்தின் டிஜிட்டல் ரூபாயைப் பேசுகிறார். இன்னொருவர் பெட்டிக்கடையில் ஸ்கேன் பண்ணிப் பணம் அனுப்புவதைப் பேசுகிறார். மூன்று பேரும் ஒருவரையொருவர் மறுத்துக்கொண்டிருந்தார்கள்!

கொஞ்ச நேரத்தில் மற்றவர்கள் ஓய்ந்துவிட, களத்தில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். ஒருவர் முனிரத்தினம். மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி வைத்திருக்கிறார். குரூப்பிலேயே காயின் வாங்கி வைத்திருக்கிற ஒரே ஆள். இன்னொருவர் என் கொழுந்தனார் சேகர். தருமபுரியில் கூட்டுறவுச் சங்க வேலை. முத்திரை குத்தாத எதையும் நம்ப மாட்டார்.

“காலைல ஒரு வெலை, சாயங்காலம் ஒரு வெலை. இதெல்லாம் ஒரு காசா?” என்று சேகர் எழுதினார்.

“தக்காளி ஒரே வாரத்துல எத்தனை குட்டிக்கரணம் அடிக்குதுன்னு வந்து பாருங்க சம்பந்தி. அதுக்கு எதிர்காலம் இல்லைன்னு யாராச்சும் சொல்றாங்களா?” இது முனிரத்தினம்.

நியாயமான கேள்விதான். எனக்கே சிரிப்பு வந்தது. சேகருக்கு வரவில்லை.

“தக்காளி அழுகினா உரமாச்சும் ஆகும். உங்க காயின் அழுகினா என்னாகும்?”

இதோடு நிறுத்தியிருந்தால் ஒரு நல்ல கிண்டலாகப் போயிருக்கும். அடுத்த வரியையும் எழுதினார்.

“மண்டி புத்திக்கு இதெல்லாம் எங்க புரியும்.”

ஆயிற்று. அதற்குமேல் யாரும் எதுவும் எழுதவில்லை. விடிந்ததும் மாமா வெளியேறிவிட்டார்.

அடைத் தட்டைக் கழுவுவதற்குள் சம்பந்தியம்மாவின் ஃபோன். “எங்கண்ணன் மனசு ஒடைஞ்சு போச்சுங்க. ‘நான் வரல, தட்டை நீயே வாங்கிக்கோ’ன்னுட்டாரு. அவரு கொழந்தை மாதிரிங்க. வினோவை விட்டு, ‘மாமா, நீங்க சொன்னதுதான் சரி’ன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. சரியாப் போயிடும்.”

சேகரைக் கூப்பிட்டேன். “சொன்ன வார்த்தையை வாபஸ் வாங்குங்க தம்பி.”

“அண்ணி, காயின் மோசடின்னா மோசடிதான். அதுல மாத்திப் பேச மாட்டேன்.”

“நான் காயினைச் சொல்லலை.”

“அப்ப வேற எதைச் சொல்றீங்க?”

அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. என் கணவரோ, “தம்பியை விட்டுக்கொடுக்க முடியாது, சம்பந்தத்தையும் விட முடியாது” என்று சொல்லிவிட்டு மோட்டார் போடத் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். அன்றைக்கு நெடுநேரம் தண்ணீர் பாய்ச்சினார்.

வார விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த வினோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு ஃபோன் போட்டு, நீங்க சொன்னதுதான் சரிங்க மாமான்னு சொல்லிடு கண்ணு. அதுல உனக்கு என்ன கொறைஞ்சு போகுது?” என்றேன்.

“அவரு சொன்னது எனக்குச் சரின்னு படலையேம்மா.”

“பட்டாத்தான் சொல்லணுமா?”

“இன்னைக்கு இதைச் சரின்னு சொன்னா, நாளைக்கு அந்த வூட்டுல எல்லாத்தையும் சரின்னுதான் சொல்லணும். அப்புறம் எப்ப நெறுத்தறது?”

“அப்ப நிச்சயம்?”

“நேர்ல போய்ப் பார்ப்போம்.”

“நிச்சயத்துக்கு முன்னால பொண்ணு போயி அவங்க வாசப்படி மிதிக்கக் கூடாதுடி.”

“வூட்டு வாசப்படிதானே மிதிக்கக் கூடாது? மண்டிக்குப் போவோம்.”

இந்த யோசனை எனக்கு எப்படி வராமல் போனது? புண்பட்டது மண்டி. அப்படியானால் போக வேண்டிய இடமும் மண்டிதானே. ஃபோனில் போன மரியாதையை ஃபோனிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அத்தனை பெரியவர்களும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

தாம்பாளத்தை எடுத்தேன். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய், கற்கண்டு, ஒரு முழம் சாமந்தி. துணிப்பையில் சாயாமல் வைத்து, பாப்பாரப்பட்டி வழியாகப் பாலக்கோடு போய், அங்கே பஸ் மாறினோம். ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேரச் சொல்லித் தட்டு வைத்து அழைக்கக் கிளம்பிய முதல் குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

நாங்கள் போனபோது மண்டியில் ஏலம் முடிந்திருந்தது. காலிப் பெட்டிகளைச் சுவர் மாதிரி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முனிரத்தினம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஃபோனை இன்னும் கொஞ்சம் கவனமாகப் பார்த்தார்.

“வாங்க” என்றார். கோபத்திலும் அந்த ஒரு வார்த்தையை அவர் விடவில்லை. ஆனால் எழுந்திருக்கவில்லை.

நாற்காலி இல்லை. சுமை தூக்குகிற ஒருவர் இரண்டு பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு, மேலே ஒரு சாக்கையும் விரித்தார். நான் உட்கார்ந்தேன். வினோ உட்காரவில்லை. தாம்பாளத்தைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“மாமா, எங்க சித்தப்பா மண்டி புத்தின்னு எழுதினது தப்புங்க. எங்க வூட்டுல இருந்து வந்த வார்த்தை அது. அதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்.”

அவர் ஃபோனைக் கீழே வைத்தார்.

“அந்த ஒரு வார்த்தைதாம்மா. காயினைத் திட்டட்டும், என்னைத் திட்டட்டும். இந்த எடத்துல நிக்கறவங்க அத்தனை பேரும் அதுல வந்துட்டாங்க இல்ல?” பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் பக்கம் கையைக் காட்டினார்.

“ஆமாங்க மாமா. அதான் இங்கயே வந்து கேக்கறேன்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு கேட்டார்: “சரி. அப்ப நான் சொன்னது சரின்னு ஒத்துக்கறியா?”

பின்னாலிருந்து அவள் முழங்கையை மெல்லக் கிள்ளினேன். ஒரே ஒரு ‘ஆமாங்க’. வெள்ளிக்கிழமை தட்டு நகர்ந்துவிடும். சொல்லித் தொலையேன் பெண்ணே...

“அது வேறங்க மாமா. காயினைப் பத்தி நீங்க சொன்னது எனக்குச் சரின்னு படலைங்க.”

பெட்டி அடுக்குகிற சத்தம் நின்றது. நான் தாம்பாளத்தைப் பார்த்தேன். திருப்பி எடுத்துப் போக வேண்டி வந்தால் பழம் கறுத்துவிடுமே என்று ஒரு நினைப்பு. அந்த நேரத்தில் மனம் என்னவெல்லாம் நினைக்கிறது!

“என்னா சரியில்லை?”

“தக்காளி வெலை எறங்கினாலும் ஏறினாலும் நாளைக்கு யாராச்சும் ரசம் வெப்பாங்க. அதை நம்பித்தானே நீங்க வாங்கறீங்க? காயினை வெச்சு யாரும் ரசம் வெக்க முடியாது. நம்மளை விட அதிக வெலை குடுத்து வாங்க இன்னொருத்தர் வருவாருன்னு ஒரே நம்பிக்கை. அவரு வராமப் போயிட்டா?”

முனிரத்தினம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சட்டைப் பைக்குள் கைவிட்டு, ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இதுல மட்டும் ரசம் வெக்க முடியுமா?”

மண்டியே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். வினோவுக்கும் அடக்க முடியவில்லை.

“முடியாதுங்க.”

“அப்ப?”

“அதுக்குப் பின்னால அரசாங்கம் இருக்குதுன்னு சொல்லலாங்க. ஆனா நீங்க கேட்டதுக்கு அது மட்டும் முழு பதில் இல்லை. யோசிச்சுட்டுச் சொல்றேங்க மாமா.”

“எப்ப சொல்லுவ?”

“நீங்க எப்ப கேக்கறீங்களோ அப்பங்க.”

“வெள்ளிக்கெழமை வரேன். தட்டை வாங்கறதுக்கு முன்னால கேப்பேன். பதிலோட நில்லு.”

சொல்லிவிட்டு எழுந்தார். இரண்டு கையாலும் தாம்பாளத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பழத்தைப் பிய்த்து அங்கே நின்ற எல்லாருக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். எனக்குச் சாக்கு போட்டுத் தந்தவருக்கு முதலில். பிறகு ஃபோனை வினோவிடம் நீட்டி, “சேத்துவுடு” என்றார்.

“நான் அட்மின் இல்லைங்க மாமா. அம்மாதான்.”

“அம்மா இவ்வளவு நேரம் ஒண்ணுமே பேசலையே?”

“நீங்க ரெண்டு பேரும் எடம் குடுத்தீங்களா?” என்றேன். மண்டி மறுபடி சிரித்தது. அங்கேயே, கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்து, அவரைச் சேர்த்துவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் வினோ தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை. பெருமை இருக்கிறதே, அது தூங்கவிடாது.

பரீட்சையில் மார்க் வாங்கியபோது பெருமைப்பட்டேன். வேலை கிடைத்தபோது தெரு முழுக்க இனிப்பு கொடுத்தேன். ஆனால் இது வேறு. காயினுக்கு எதிர்காலம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. வினோவுக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்பதை ஒரு மண்டி நிறைய ஆட்கள் முன்னால், தன் நிச்சயத்தைப் பணயம் வைத்து, அவளால் சொல்ல முடிகிறது. குரூப்பில் அத்தனை பேர் எழுதினார்களே, ‘யோசிச்சுட்டுச் சொல்றேன்’ என்று ஒருவராவது எழுதினாரா? தப்பான வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், மாறுபட்ட கருத்துக்குக் கேட்க வேண்டியதில்லை — இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் ஃபோனில் இவ்வளவு பேர் இவ்வளவு பேரை இழக்கிறார்கள். நானும் அதைப் பிரிக்காமல்தான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். அவள் நகரவில்லை. என் பெண் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருந்தது. பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லியும் விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சேகரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். “சரிங்க அண்ணி” என்று ஃபோனை வைத்துவிட்டார். அப்புறம் குரூப்பில் ஒரு வரி வந்தது. ‘மண்டி பத்தி எழுதினது என் தப்புங்க சம்பந்தி. காயின் பத்தி எழுதினது எழுதினதுதான்.’ கீழே முனிரத்தினத்திடமிருந்து ஒரு கட்டைவிரல். உடனே அதற்குக் கீழே, காயின் விலை ஏறுகிற ஒரு வரைபடம்.

குரூப் விதிகளில் ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். சேர்க்கவில்லை.

மறுநாள் விடியும்போது வாசலில் ஹாரன் சத்தம். பென்னாகரம் மார்க்கெட்டுக்கு லோடு ஏற்றி வந்த வண்டி. டிரைவர் ஒரு பெட்டி தக்காளியை இறக்கி வைத்து, “மாரண்டஹள்ளி மண்டியில குடுத்தாங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஃபோனைத் திறந்தால் மெசேஜ். ‘சேகர் சம்பந்திக்குப் பாதி, உங்களுக்குப் பாதி. அழுகறதுக்குள்ள ரசம் வெச்சுடுங்க. இல்லைன்னா அவரைத் தோட்டத்துக்கு உரம் போடச் சொல்லுங்க.’

நாள்காட்டித் தாளைக் கிழிக்கவில்லை. பால்கூடக் காய்ச்சவில்லை. நவம்பர் 10, திங்கட்கிழமை, முதல் வேலையாக ரசத்துக்குப் புளி கரைத்தேன்.